மற்றவர் எடுத்த படங்களைப் பார்த்தால் நம் கண் கெட்டுப்போகுமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 8

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஐந்து ஆவணப் புகைப்படக் கலைஞர்களைப் பற்றிக் குறிப்பேடு எழுத வேண்டும், கூடவே சொந்தமாக ஒரு படத்தொடரும் எடுக்க வேண்டும். ஒருவருடைய படங்களை ஒரு வாரம் பார்த்தால் அடுத்த வாரம் நான் எடுப்பதெல்லாம் அவர் எடுத்தது மாதிரியே வருகிறது. சீனியர் ஒருவர், "யாரையும் பார்க்காதே, உன் கண் கெட்டுப்போகும்" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. குறிப்பேட்டை ஒப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமலே எடுக்கலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

2025 பிப்ரவரி 9

பாருங்கள். நிறையப் பாருங்கள். நானும் விஸ்காம்தான், தூத்துக்குடி, முதுகலை. உங்கள் சீனியர் சொல்வதை இரண்டு வருடம் நானும் நம்பினேன். யாரையும் பார்க்காமல் அப்போது எடுத்த படங்களை இன்று எடுத்துப் பார்த்தால், கல்யாண ஆல்பமும் கடைக் காலண்டரும்தான் அவற்றில் தெரிகின்றன. சுருக்கம் விழுந்த பாட்டி முகம், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் குழந்தை, அந்தி வெயிலில் மாட்டுவண்டி. நாம் யாரையும் பார்க்காவிட்டாலும் வீட்டுச் சுவரில் தொங்கியதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம்? அது கண்ணுக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது.

கார்டன் பார்க்ஸ் கதை தெரியுமா? அமெரிக்காவில் ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். யாரோ ஒரு பயணி விட்டுப்போன பத்திரிகையில், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகும் விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்தார். பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அமைப்புக்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. அதற்கப்புறம்தான் சியாட்டில் நகரத்து அடகுக் கடையில் தன் முதல் கேமராவை வாங்கினார். 1942இல் அந்த நிர்வாகத்துக்கே வேலைக்கு வந்தார். பிறர் எடுத்த படம் ஒருவர் கையில் கேமராவைக் கொடுத்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வாஷிங்டனில் முதல் நாளே, கறுப்பர் என்பதால் கடையிலும் உணவகத்திலும் தியேட்டரிலும் அவரை விரட்டினார்கள். கொதிப்போடு திரும்பி வந்தவரிடம் மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கர், இந்தக் கட்டடத்தைப் பெருக்கும் அந்த அம்மாளிடம் போய்ப் பேசு என்றார். எல்லா வாட்சன் என்ற அந்தப் பெண்ணை, ஒரு கையில் துடைப்பமும் பக்கத்தில் தரை துடைக்கும் மாப்பும் இருக்க, தேசியக் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படம்தான் இன்றைக்கும் எல்லாரும் காட்டுவது. ஆனால் பார்க்ஸ் அதோடு விடவில்லை. பல வாரங்கள் அவருடைய வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய், பேரக்குழந்தைகளோடு அவர் இருப்பதை எடுத்தார். கொடிப் படத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு கோணம். மீதியையும் பார்த்தால், ஒருவர் வீட்டுக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்பது தெரியவரும். குறிப்பேட்டில் அதை எழுதுங்கள்.

அதே நாள், இரவு

லென்ஸ் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் இருப்பது ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய கேனான் 700டி, கூடவே வந்த 18-55. இதுவரை எதுவும் தடைப்படவில்லை. காசிருந்தால் பிரிண்ட் போடுங்கள்.

2025 பிப்ரவரி 16

ஒருவரைப் பார்த்தால் அவர் மாதிரியே வருகிறது என்றீர்களே, அதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் செபஸ்தியாவோ சல்காடோ படங்களில் மூழ்கிக் கிடந்தேன். பிரேசிலில் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தை 1986இல் அவர் எடுத்த வரிசை. மலையைக் குடைந்த ராட்சசக் குழி, அதில் ஏறத்தாழ 50,000 பேர், மண்மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏணியில் எறும்பு மாதிரி. எந்திரம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எகிப்து பிரமிடு கட்டிய காலத்தில் யாரோ கேமரா வைத்திருந்த மாதிரி இருக்கும். அவர் பொருளாதாரம் படித்தவர். மனைவி லெலியா வாங்கிய கேமராவைத் தொட்டு, அப்புறம் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர்.

அந்தப் படங்களை மனதில் வைத்துக்கொண்டே முள்ளக்காடு பக்கத்து உப்பளத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை, திருச்செந்தூர் சாலையில் பஸ்ஸில் போனாலே இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வெள்ளை. காலை ஏழு மணி. சூரியன் எதிரே. ஒரு அக்கா தலையில் உப்புச் சுமையோடு வரப்பில் நடந்து வருகிறார். நான் பாத்தி ஓரத்தில் முட்டி போட்டு, கீழிருந்து எடுத்தேன். வெண்மையான தரை, பின்னால் வானம், நடுவே மை பூசிய மாதிரி கறுப்பாக ஒரு உருவம். கறுப்பு வெள்ளையாக மாற்றி, மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) ஏற்றி, "உப்பில் கரையும் வாழ்க்கை" என்று தலைப்பு வைத்துப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசும் கிடைத்தது.

படத்தை எடுக்க எனக்கு ஆன நேரம் இரண்டு நிமிடம். அந்த அக்காவிடம் பேசவில்லை.

சல்காடோவைப் பார்த்ததால் என் கண் கெட்டது என்று இதைப் படிக்க வேண்டாம். அவரை அரைகுறையாகப் பார்த்தேன். வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

2025 மார்ச் 2

"அப்படியானால் முழுசாகப் பார்ப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இப்போது செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கேயை வைத்து.

எல்லாரும் பார்த்திருப்பீர்கள், 1936இல் கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில் எடுத்த தாயின் படம். கன்னத்தில் கை. இரண்டு தோளிலும் முகத்தை மறைத்துக்கொண்டு சாய்ந்திருக்கும் பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. ஒரு மாதம் அந்த ஒரு படத்தைப் பற்றியே படித்தேன்.

லாங்கே அன்றைக்கு வேலை முடிந்து மழையில் வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தார். பட்டாணி பறிப்பவர்களின் முகாம் என்று ஒரு பலகை. கடந்து போய்விட்டார். இருபது மைல் தாண்டிய பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். உறைபனியில் பட்டாணி கருகி, வேலையில்லாமல் கூலிகள் தவித்துக் கிடந்த முகாம் அது. அந்தத் தாயை முதலில் தள்ளி நின்று கூடாரத்தோடு சேர்த்து எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார். கடைசியில் கிடைத்தது நமக்குத் தெரிந்த படம். முன்னால் எடுத்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர் கால் நகர்ந்த வழி அப்படியே தெரியும். சிறு வயதில் போலியோ வந்து, கடைசிவரை விந்தி நடந்தவர் அவர். அந்த நடையோடுதான் நெருங்கியிருக்கிறார்.

படம் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு (சுமார் 9,000 கிலோ) உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது.

கார் டயரைக்கூட விற்றுத்தான் சாப்பாடு வாங்கினார்களாம். வயது 32. இதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்ட லாங்கே, அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அவரே பின்னாளில் அப்படி எழுதியிருக்கிறார். இதைப் படித்த ராத்திரி எனக்கு அந்த உப்பள அக்கா ஞாபகமாகவே இருந்தது.

2025 மார்ச் 4

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். டயர் விற்ற கதை லாங்கே தன் நினைவிலிருந்து சொன்னது. அந்தக் குடும்பத்தார் பிற்பாடு அதை அடியோடு மறுத்திருக்கிறார்கள். விற்பதற்குத் தனியாக டயர் எதுவும் இல்லை, இருந்ததில்தான் வண்டியே ஓடியது என்பது மகனின் பேச்சு. லாங்கே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஒரே நாளில் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவர், ஒருவர் கதை இன்னொருவர் தலையில் ஏறியிருக்கலாம். ஆனால் பெயரைக் கேட்டு எழுதியிருந்தால் கதை இடம் மாறியிருக்காது என்று தோன்றுகிறது.

அந்தத் தாயின் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். செரோக்கி பழங்குடிப் பெண். அது உலகத்துக்குத் தெரிந்தது 1978இல், படம் எடுத்து 42 வருடம் கழித்து. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. தபால்தலை வரைக்கும் போன முகம் அது.

2025 மார்ச் 23

போய்விட்டு வந்தேன். பரிசு வாங்கிய படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அதே உப்பளத்துக்குப் போனேன். ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, எப்படித் தெரியும்? தலைச்சுமையோடு நடக்கும் கறுப்பு உருவம் அங்கே எல்லாரும்தான். கடைசியில், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருப்பதைப் பார்த்து ஒரு பாட்டி அடையாளம் சொன்னார்.

அக்கா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ பிள்ள, மூஞ்சியே தெரியலியே. நான்தான்னு நீ சொன்னாத்தான உண்டு" என்றார். கோபமெல்லாம் இல்லை. உள்ளதைச் சொன்னார். அப்புறம் தலைப்பை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "கரையுதா? எம் மவன் ஐடிஐ முடிச்சிட்டாம்லா" என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அந்த உப்பை வாரித்தான் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறார், வீட்டுக்கு மேல்தளம் போட்டிருக்கிறார். அதைக் கரைவது என்று எழுத எனக்கு எப்படித் தோன்றியது? இரண்டு நிமிடம் நின்றவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

அந்தப் பிரிண்ட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் மாட்ட முடியாது என்றார். அடுத்த வாரமும் வரலாமா என்று கேட்டேன். வா, ஆனால் மூன்று மணிக்கே வந்தால்தான் வேலையைப் பார்க்கலாம் என்றார்.

2025 ஏப்ரல் 13

விடிகாலை மூன்று மணி. நான்கு ஞாயிறு போயிருக்கிறேன். செட்டிங் கேட்டவருக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், உப்பளம், பனிமலை, வெள்ளை மணல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். உப்பைப் பார்த்தால், ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று குறைத்துவிடும். உப்பு சிமெண்ட் நிறத்தில் வரும், அதன் முன்னால் நிற்கும் நம் ஊர்க்காரர் முகம் கரியாகிவிடும். ஆகவே வெளிப்பாட்டை (எக்ஸ்போஷர்) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் ஏற்ற வேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. உச்சி வெயிலில் நான் ஒன்றே முக்கால்வரை ஏற்றியிருக்கிறேன். வானம் வெளுத்துப் போகும். போகட்டும், வானத்தை எடுக்க நாம் போகவில்லை. ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை முகத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் சரியாகப் பிடிபடும். கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

இதைவிட முக்கியம், எங்கே நிற்கிறோம் என்பது. முட்டி போட்டுக் கீழிருந்து எடுத்தால் ஆள் பின்னால் வானம், உருவம் பெரிசாகும், முகம் இருட்டும். அதைத்தான் நான் முதலில் செய்தேன். வரப்பில் அவர்களுக்குச் சமமாக நின்று, வெயிலை என் முதுகுக்கு ஒரு பக்கமாக வைத்துக்கொண்டால், தரையில் கிடக்கும் உப்பே வெளிச்சத்தை மேலே தூக்கிக் கொடுக்கிறது. தலையில் கட்டிய துண்டுக்குக் கீழே நிழல் விழும் இடத்தில்கூட மெல்லிய வெளிச்சம் படுகிறது. ஸ்டுடியோவில் வெள்ளைத் தெர்மாகோல் பிடிப்பார்களே, அதை ஏக்கர் கணக்கில் விரித்த மாதிரி. கண் மட்டும் சுருங்கியே இருக்கும். வருடக்கணக்காக அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவர்கள் கண்ணுக்கு ஆகும் கெடுதலும் உண்டு, அதையும் படத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது.

மூன்று மணிக்குப் போவதால் முதல் ஒன்றரை மணி நேரம் டார்ச் வெளிச்சம்தான். ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 6400, படம் புள்ளி புள்ளியாக வருகிறது, பரவாயில்லை. பலகையால் உப்பை வாரும்போது வரும் சரசர சத்தம் இருட்டில் நாலு பக்கமும் கேட்கும். அதைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

காற்றிலேயே உப்பு. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கேமராவைத் துடைத்து, அப்புறம் காய்ந்த துணியால் துடையுங்கள். லென்ஸை உப்பளத்தில் கழற்றவே கூடாது.

2025 மே 24

சல்காடோ நேற்று பாரிஸில் காலமாகிவிட்டார். 81 வயது.

பிப்ரவரியில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவர்மேல் நான் சுமத்தியது கொஞ்சம் அதிகமோ என்று படுகிறது. முகம் தெரியாமல் எடுத்தது நான். அவருடைய செர்ரா பெலாடா வரிசையிலேயே நெருக்கமான முகங்கள் இருக்கின்றன. சேறு பூசிய உடம்போடு, காவலரின் துப்பாக்கியைக் கையால் பற்றிக்கொண்டு நிற்கும் தொழிலாளியின் படத்தைப் பாருங்கள், அவன் யாருக்கும் அடங்கிய உருவம் இல்லை. நம் நாட்டிலும் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை எடுத்திருக்கிறார். அவர்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள்.

அதே சமயம் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக் 2003இல் வந்த நூலில் அவரைக் குறை சொன்னதும் பொய்யில்லை. புகழ்பெற்றவர்களுக்கு மட்டும் பெயர் போட்டு, ஏழைகளைப் பெயரில்லாமல் காட்டினால், அவர்கள் ஒரு தொழிலுக்கோ துயரத்துக்கோ வெறும் மாதிரியாகிவிடுகிறார்கள் என்பது அவருடைய வாதம். 50,000 பேர் இருக்கும் குழியில் யார் பெயரைப் போடுவது என்று சல்காடோ பக்கம் நின்றும் கேட்கலாம். அந்தக் கூட்டமே அங்கே செய்தி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. என்னுடையது 50,000 பேர் இல்லை, ஒரே ஒரு அக்கா. எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

வெட்டவெளியாகிப்போன அப்பாவின் பண்ணை நிலத்தில் அவரும் லெலியாவும் மறுபடி காடு வளர்த்தார்கள். இன்று முழுவதும் அந்த மரங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2025 ஜூன் 15

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத படங்களைத் தேடிப் போனபோது நம் மண்ணிலேயே வந்து நின்றேன். தாது வருஷப் பஞ்சம், 1876-78. மதராஸ் குதிரைப்படையில் இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற அதிகாரி எடுத்த படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எலும்பும் தோலுமாக ஆட்கள், குடும்பம் குடும்பமாக உட்கார வைத்து, கல்யாண குரூப் போட்டோ மாதிரி அடுக்கி. அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆடாமல் இருக்க வேண்டும். நிற்கத் தெம்பில்லாதவர்களை அப்படி ஆடாமல் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் பெயரில்லை. பின்னாளில் பர்மாவில், கைதிகளைச் சுட்டுக் கொல்லும் கணத்தைப் புகைப்படத் தட்டில் பிடிக்கக் கேமராவோடு நின்றதற்காக விசாரணைக்கு ஆளானவரும் இதே ஹூப்பர்தான்.

இந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்தப் பஞ்சத்தின் கோரம் நம் கண்ணுக்கு வந்திருக்காது என்பதும் உண்மை. அந்த வருஷத்தைப் பற்றிய பஞ்சக் கும்மிகள் உண்டு. ஊர்ச்சனம் தங்கள் வாயால் சொன்னது அது. படத்தையும் பாட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் ஆள் முழுசாகத் தெரிகிறார்.

1943 வங்கப் பஞ்சத்தில் சுனில் ஜானா எடுத்தவையும் கொடுமையானவைதான். பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பி.சி. ஜோஷியோடும் ஓவியர் சித்தபிரசாத்தோடும் கிராமம் கிராமமாகப் போய், கட்சிப் பத்திரிகையில் உடனே வெளியிட்டு, இதை நிறுத்து என்று கேட்டவர் அவர். யாருக்காக எடுக்கிறோம் என்பது படத்தில் எங்கே தெரிகிறது? இரண்டு வாரமாக உற்றுப் பார்க்கிறேன். இன்னும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

2025 ஜூலை 6

அக்காவின் பேத்தி முறையுள்ள ஒரு சின்னப் பெண், ஐந்தாம் வகுப்பு, லீவில் வந்திருந்தாள். கேமராவைக் கொடுத்தேன். பதினோரு படம் எடுத்தாள். ஒன்பது படத்தில் நாய். பத்தாவதில் நான், வரப்பில் வழுக்கி ஒரு கால் பாத்திக்குள். பதினொன்றாவதில் அக்கா. எனக்கு இதுவரை கொடுக்காத ஒரு சிரிப்பை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் படத்தைத் தொடரில் சேர்க்கிறேன், எடுத்தவள் என்று அவள் பெயரோடு.

2025 ஆகஸ்ட் 17

"இத்தனை மாதமாகப் பெயர் பெயர் என்று எழுதுகிறீர்கள், அந்த அக்காவின் பெயரை இங்கே ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லையே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. நான் ஒதுக்கி வைத்திருந்த விஷயமும் அதுதான்.

ஏப்ரலிலேயே அவரிடம் கேட்டேன், படத்துக்குக் கீழே உங்கள் பெயரைப் போடவா என்று. கல்லூரிக் கண்காட்சியில் போடு, நெட்டில் போடாதே என்றார். ஏன் என்றால், அளத்தில் வேலை கொடுப்பவர் கண்ணில் பட்டால், வெளியாளைக் கூட்டிவந்து படமெடுக்கவிட்டாள் என்று அடுத்த சீசனுக்குக் கூப்பிடாமல் போகலாம். சாக்ஸைக் கழற்றிக் கால் புண்ணைக் காட்டிய படத்தை எங்கேயும் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வலுவான படம் அது. எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச்சில் நான் எழுதியதில் இந்த இடம் விட்டுப்போயிருக்கிறது. பெயரைப் போட்டால் மரியாதை, போடாவிட்டால் அவமரியாதை என்று சட்டம் போல எழுதியிருந்தேன். லாங்கே எடுத்த அதே 1936இல் வாக்கர் எவன்ஸ் அலபாமாவில் குத்தகை விவசாயிகளின் மூன்று குடும்பங்களைப் படமெடுத்தார். கூடப்போன ஜேம்ஸ் ஏஜீ எழுதி, 1941இல் அது நூலாக வந்தபோது, அவர்களைக் காப்பதற்காகவே பெயர்களை மாற்றினார்கள். அங்கே பெயரை மறைத்தது அக்கறை. ஹூப்பரிடம் பெயர் இல்லாதது வேறு.

ஜப்பானில் மினமாட்டா. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீனுக்குப் போய், மீனைத் தின்றவர்களுக்குப் போய், வயிற்றுப் பிள்ளைக்கும் போன ஊர். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித்தும் மனைவி ஐலீனும் 1971இலிருந்து சுமார் மூன்று வருடம் அங்கேயே குடியிருந்தார்கள். தாய் தன் மகள் டொமோகோவைக் குளிப்பாட்டும் படம் அங்கே எடுத்ததுதான். பெற்றோர் சம்மதித்து எடுத்த படம், உலகம் முழுவதும் போய்ப் பேசிய படம். டொமோகோ 1977இல் இறந்தாள். படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோருக்குத் தோன்றியது. 1998இல் ஐலீன் அந்தப் படத்தின் மீதான முடிவைப் பெற்றோரிடமே ஒப்படைத்தார்.

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை சரி என்றவர் எப்போதைக்கும் சரி என்றவர் இல்லை. நான் இப்போது என்ன செய்கிறேன் என்றால், எந்தப் படம் எங்கே போகிறதோ அதைத் தனித்தனியாகக் கேட்கிறேன். சின்னச் சின்னப் பிரிண்ட்டாகப் போட்டு, பின்பக்கம் அவர் சொன்னதைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். கண்காட்சிக்கு ஆகும். நெட்டுக்கு ஆகாது. யாருக்கும் ஆகாது. மாறினால் அழித்து எழுதலாம், அதற்குத்தான் பென்சில்.

2025 ஆகஸ்ட் 18

முதலில் கேள்வி கேட்ட தம்பிக்கு: பழனி குமாரை உங்கள் ஐந்து பேரில் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கத்துக்காரர். கிராமத்து மக்களின் வாழ்க்கையைப் பதியும் பாரி (PARI) இணையதளத்தில் அவருடைய படக்கட்டுரைகள் தமிழிலேயே கிடைக்கும். துப்புரவுத் தொழிலாளர்கள், ராமநாதபுரக் கடலில் பாசி எடுக்கும் பெண்கள். மீன் விற்றுத் தன்னை வளர்த்த அம்மாவையும் படமெடுத்திருக்கிறார். அவர் படங்களில் ஆட்களுக்குப் பெயர் இருக்கும், பக்கத்திலேயே அவர்கள் பேச்சும் இருக்கும். லாங்கேயும் கணவர் பால் டெய்லரும் 1939இல் வெளியிட்ட நூலில் கூலிகளின் சொந்த வார்த்தையைப் படத்தோடு சேர்த்ததை இதோடு வைத்துப் பாருங்கள். மூன்று வருடத்தில் லாங்கே எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று தெரியும்.

2025 அக்டோபர் 26

மழை பிடித்துவிட்டது. அளம் மூடியாயிற்று, பாத்தியெல்லாம் ஒரே தண்ணீர். இனி தை பிறந்துதான் வேலை. அரசு தருகிற 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டில் இருந்தார். போயிருந்தேன்.

நாற்பது பிரிண்ட்டைத் தரையில் பரப்பினோம். கண்காட்சிக்குப் பன்னிரண்டு வேண்டும், நீங்களே எடுங்கள் என்றேன். நான் உயிராக நினைத்த இரண்டை அவர் கையிலெடுக்கவே இல்லை. பரிசு வாங்கிய படத்தை ஓரமாகத் தள்ளினார். அவர் முதலில் எடுத்தது, வேலை முடிந்து வரப்பில் நாலு பேர் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து கஞ்சி குடிக்கும் படம். ஒருத்தி என்னவோ சொல்ல மற்ற மூவரும் சிரிக்கிறார்கள். லேசாக ஃபோகஸ் தப்பிய படம் அது. நானாக இருந்தால் சேர்த்திருக்க மாட்டேன். "இதுலதாம் நாங்க இருக்கோம்" என்றார்.

கீழே என்ன எழுத என்று கேட்டேன். யோசித்து, மெதுவாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக இதே அளம், முதல் வருடம் கூலி எவ்வளவு, மகன் ஐடிஐ, கால் புண்ணுக்கு என்ன மருந்து. பெயரை இனிஷியலோடு போடச் சொன்னார், அப்பாவின் இனிஷியல்.

எல்லாம் முடிந்து பிரிண்ட்டை அடுக்கும்போது, கஞ்சிப் படத்தின் பின்பக்கத்தில் அன்றைய தேதியை எழுதச் சொன்னார். எழுதினேன். "எடுத்தது யாருன்னும் எழுது. உன் முழுப் பேரு என்ன பிள்ள?" என்று கேட்டார்.

மார்ச்சிலிருந்து ஏழு மாதம். நான் சொன்னதே இல்லை. எழுதிக் கொடுத்தேன், அதைப் பேனாவால் எழுதச் சொன்னார்.

பெரிய பிரிண்ட் செவ்வாய்க்கிழமை வருகிறது. கஞ்சிப் படத்தில் மட்டும் நாலு காப்பி சொல்லியிருக்கிறேன், ஆளுக்கு ஒன்று.